உதவியா, ஒப்புரவா? இடம்பெயரும் தொழிற்சாலைகளும் வேலை இழந்தோருக்கான அரசு ஏற்பாடுகளும்

முன்னுரை

ஒரு தொழிற்சாலை ஒரு நாட்டை விட்டு மற்றொரு நாட்டிற்குச் செல்லும்போது இயந்திரங்களும் வரைபடங்களும் கொள்முதல் ஒப்பந்தங்களும் அதனுடன் செல்கின்றன. தொழிலாளர் மட்டும் செல்வதில்லை. அவர்களுக்கு வீடு உண்டு. வீட்டுக் கடன் உண்டு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உண்டு. இவ்வாறு பின்தங்க நேர்ந்தோருக்கு அரசு என்ன செய்ய வேண்டும், இதுவரை என்ன செய்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியவியல் துறையின் இதழில் இத்தகைய பொருள் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். பொருளியல் துறையினரும் சட்டத்துறையினரும் ஆராய வேண்டியதை நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் வினாவும் எழலாம். இதற்கு நாம் இரண்டு காரணங்களைக் கூற விரும்புகிறோம். ஒன்று, மலேசியத் தமிழர் வரலாற்றின் கடந்த அரை நூற்றாண்டு தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு நகர்ந்த வரலாறாகும். நம் வகுப்பறையில் அமரும் மாணவர் பலரின் தாய்மார் தொழிற்சாலைச் சீருடை அணிந்தவர்கள். மற்றொன்று, சட்டமும் ஒரு பனுவலே. அதன் சொற்கள் எவரை எவ்வாறு காண்கின்றன என்று வாசித்துக் காட்டுவது திறனாய்வாளன் பணியாகும்.

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் நாம் தங்கியிருந்த ஆண்டுகளில், நகர நூலகத்தில் கணினிப் பயிற்சிக்கு வந்த நடுவயதுப் பெண்மணி ஒருவரோடு பேச நேர்ந்தது. மின்னணு உதிரிப்பாகங்களைப் பொருத்தும் தொழிலை நெடுங்காலம் செய்தவர் அவர். நாம் மலேசியர் என்று அறிந்ததும், தம் தொழிற்கூடத்தின் ஒரு பகுதி பினாங்கிற்குத்தான் சென்றது என்று சினமேதுமின்றிக் கூறினார். நாம் பிறையில் வளர்ந்தவர்கள். அண்டை வீட்டு அக்காமார் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்பதைக் கண்டு வளர்ந்தவர்கள். அவரிடம் பறிபோன அதே வேலையால்தான் நம் தெருவில் அடுப்பெரிந்தது என்பதை அன்று உணர்ந்தோம். பின்னர் அவ்வக்காமாரின் தொழிற்கூடங்கள் சிலவும் வேறு நாடுகளுக்குச் சென்றன. இக்கட்டுரை அந்த இரு முனைகளையும் சேர்த்துப் பார்க்க முற்படுகிறது.

அமெரிக்கச் சட்டம்: காரணத்தை மெய்ப்பிக்கும் சுமை

வெளிநாட்டு வணிகத்தால் வேலை இழந்தோருக்கெனத் தனிச்சட்டம் இயற்றிய நாடுகளுள் அமெரிக்கா முன்னோடியாகும். அதிபர் கென்னடியின் காலத்தில், 1962ஆம் ஆண்டின் வணிக விரிவாக்கச் சட்டத்தின் ஒரு கூறாக இவ்வேற்பாடு தோன்றியது. இறக்குமதி வரியைக் குறைப்பதால் நாடு முழுமைக்கும் நன்மை விளையும். ஆனால் சில தொழில்களில் சிலர் வேலை இழப்பர். பலர் பெறும் நன்மைக்காகச் சிலர் மட்டும் இழப்பைத் தாங்குவது முறையன்று என்பதே அதன் அடிப்படை வாதம். இவ்வாதத்தில் குறை காண்பது அரிது.

குறை நடைமுறையில் இருந்தது. வரிச் சலுகையே இறக்குமதி பெருகுவதற்குத் தலையாய காரணம் என்றும், அவ்விறக்குமதியே வேலையிழப்புக்குத் தலையாய காரணம் என்றும் மெய்ப்பிக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. ஒரு தையற்கூடம் மூடப்படுவதற்குப் பல காரணங்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அதன் எடையைக் காட்டுவது பொருளியல் அறிஞருக்கே கடினமாகும். வேலை இழந்த தையற்காரியிடம் அதனைக் கேட்டால் என்ன நிகழும்? நிகழ்ந்தது இதுதான்: முதல் ஏழாண்டுகளில் ஒரு தொழிலாளர் குழுவுக்கேனும் தகுதிச் சான்று கிடைக்கவில்லை. 1969ஆம் ஆண்டின் இறுதியில்தான் முதற்சான்று வழங்கப்பட்டது. அமெரிக்கத் தொழிற்சங்கத்தார் இத்திட்டத்தை ஈமச்செலவுக் காப்புறுதி என்று எள்ளி நகையாடியதில் வியப்பில்லை.

1974ஆம் ஆண்டின் வணிகச் சட்டம் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. இறக்குமதி முதன்மைக் காரணமாக இருக்க வேண்டியதில்லை, குறிப்பிடத்தக்க பங்களித்திருந்தால் போதும் என்றாயிற்று. தொழிலாளர் மூவர் சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம். இதன்பின் பயனாளிகளின் எண்ணிக்கை பெருகியது, செலவும் பெருகியது. 1981இல் ரேகன் ஆட்சி உதவித்தொகையைப் பொது வேலையிழப்புக் காப்புறுதியின் அளவுக்குக் குறைத்து, அக்காப்புறுதி தீர்ந்த பின்னரே இது கிடைக்கும் என்று மாற்றியது. 1988இல் பயிற்சியில் சேர்வது கட்டாயமாக்கப்பட்டது.

ஈண்டு ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. தொழிற்சாலையே வெளிநாட்டிற்கு நகர்வது நெடுங்காலம் இச்சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. இறக்குமதியால் ஏற்படும் பாதிப்பையே அது அளந்தது. வட அமெரிக்கத் தடையற்ற வணிக உடன்பாடு 1994இல் நடைமுறைக்கு வந்தபோது மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் நகர்ந்த உற்பத்திக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. 2002ஆம் ஆண்டின் சட்டம் அதனைப் பொதுத் திட்டத்துடன் இணைத்தது. ஆயினும் தடையற்ற வணிக உடன்பாடோ சிறப்புச் சலுகையோ உள்ள நாடுகளுக்குத் தொழிற்சாலை சென்றால் ஒரு விதி, ஏனைய நாடுகளுக்குச் சென்றால் வேறு விதி என்னும் வேறுபாடு நீடித்தது. எந்த நாட்டிற்குச் சென்றாலும் ஒரே விதி என்பதும், சேவைத் துறையினருக்கும் இவ்வுதவி உண்டு என்பதும் 2009ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் வந்தன. வேலை இழந்தவரின் துயரம் அவ்வேலை சென்றடைந்த நாட்டின் பெயரைப் பொறுத்து மாறுவதில்லை. சட்டம் மட்டும் ஏழாண்டுக் காலம் அவ்வாறு கருதியது.

2015இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்ட இத்திட்டம் 2021 ஜூலையில் சுருங்கியது. 2022 ஜூலை 1ஆம் நாள் முதல் புதிய விண்ணப்பங்களுக்குச் சான்று வழங்கும் அதிகாரமே அற்றுப்போயிற்று. ஏன் இந்நிலை? வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் விடை கிடைக்கிறது. 1962, 1974, 2002, 2015 ஆகிய ஆண்டுகளில் எல்லாம் வணிக உடன்பாடுகளைப் பேசி முடிப்பதற்கான அதிகாரத்தை அதிபர் நாடாளுமன்றத்திடம் கேட்டார். அவ்வதிகாரத்தைப் பெறுவதற்குத் தந்த விலையாகவே தொழிலாளர் உதவி ஒவ்வொரு முறையும் உயிர்பெற்றது. வணிக உடன்பாடுகளில் நாட்டம் குறைந்த காலத்தில் விலை கொடுக்க வேண்டிய தேவையும் இல்லாது போயிற்று. தொழிற்சாலைகள் மூடப்படுவது நிற்கவில்லை. உதவி மட்டும் நின்றது. பேரத்தின் பகுதியாகப் பிறந்த ஏற்பாடு பேரம் முடிந்ததும் முடியும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பயிற்சி பயனளித்ததா?

உதவித்தொகையைக் காட்டிலும் மறுபயிற்சியே நிலையான தீர்வு என்பது பல அரசுகளின் நம்பிக்கை. இந்நம்பிக்கை எந்த அளவு சரியானது? அமெரிக்கத் தொழிலாளர் துறைக்காக நடத்தப்பெற்று 2012இல் வெளிவந்த மதிப்பீடு, இத்திட்டத்தில் சேர்ந்தோர் நான்காண்டுகளுக்குப் பின்னரும் ஒப்பீட்டுக் குழுவினரைவிடக் குறைவாகவே ஈட்டினர் என்று காட்டியது. பயிற்சிக் காலத்தில் அவர்கள் வேலை செய்யவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் 2018இல் பெஞ்சமின் ஹைமன் செய்த ஆய்வு வேறொரு முடிவைத் தந்தது. விண்ணப்பங்களை ஆராயும் அதிகாரிகளுள் சிலர் இளகிய மனத்தினர், சிலர் கண்டிப்பானவர் என்னும் வேறுபாட்டைப் பயன்படுத்தி, ஒத்த நிலையில் இருந்தோரை அவர் ஒப்பிட்டார். சான்று பெற்றோர் பத்தாண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ 50,000 டாலர் கூடுதலாக ஈட்டினர் என்பது அவர் கண்டது. அந்த ஆதாயம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்தது என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. மறுபயிற்சி மந்திரமும் அன்று, வீண்செலவும் அன்று. அது காலம் எடுக்கும். அக்காலத்தில் குடும்பம் உண்ண வழி செய்யப்படாவிட்டால் பயிற்சியில் சேரவே முடியாது. எனவே உதவித்தொகையையும் பயிற்சியையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது பொருந்தாது.

ஐம்பது வயதைக் கடந்தோரின் நிலை வேறு. அவர்களுக்கென 2002ஆம் ஆண்டின் சட்டம் ஊதியக் காப்புறுதி என்னும் புதுமுறையைக் கொணர்ந்தது. முன்னைய வேலையைவிடக் குறைந்த ஊதியத்தில் வேறு வேலையை ஏற்போருக்கு, ஊதிய வேறுபாட்டில் பாதியை இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை அரசு ஈடுசெய்தது. 55 வயதில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள் என்று சொல்வதைவிட இது மனிதத்தன்மை மிக்கது என்பது நம் கருத்து.

மலேசியா: வருவதற்கு வரவேற்பு, போவதற்கு?

நம் நாட்டின் நிலையை இனி நோக்குவோம். 1971ஆம் ஆண்டின் தடையற்ற வணிக வட்டாரச் சட்டமும் 1972இல் பாயான் லெப்பாசில் அமைந்த வட்டாரமும் பினாங்கின் முகத்தை மாற்றின. முதலமைச்சர் லிம் சோங் இயூவின் முயற்சியால் இண்டெல் முதலான நிறுவனங்கள் வந்தன. 1958ஆம் ஆண்டின் முன்னோடித் தொழில் சட்டமும் 1968ஆம் ஆண்டின் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டமும் அவற்றுக்கு வரிவிலக்கு அளித்தன. நிலம், மின்சாரம், துறைமுகம், சாலை யாவும் செய்து தரப்பட்டன. வருவதற்கு இத்துணை விதிகளை எழுதிய நாடு, போவதற்கு எழுதிய விதிகள் மிகச் சில.

அவற்றுள் தலையாயது 1980ஆம் ஆண்டின் பணிமுடிவு, ஆட்குறைப்புச் சலுகை ஒழுங்குமுறையாகும். ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் பணியாற்றியவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் எனில் பதினைந்து நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் எனில் இருபது நாள் ஊதியம். இருபதாண்டு உழைத்தவருக்கு 400 நாள் ஊதியம் கிடைக்கும். அதாவது பதின்மூன்று மாத ஊதியத்திற்குச் சற்று மேல். தாளில் இது மதிக்கத்தக்க தொகை. ஆயினும் இதனைத் தரவேண்டியவர் முதலாளி. முதலாளியிடம் பணம் இல்லாதபோதும், நிறுவனம் நொடித்து முதலாளி நாட்டைவிட்டே அகன்றபோதும் இவ்வுரிமை தாளிலேயே தங்கிவிடுகிறது. 1997–98 நிதி நெருக்கடிக் காலத்திலேயே மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஆட்குறைப்பு நிதி ஒன்றை நிறுவுமாறு கோரியது இதனாலேயே ஆகும்.

அக்கோரிக்கை நிறைவேற இருபது ஆண்டுகள் ஆயின. 2017ஆம் ஆண்டின் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டம், அதாவது 800ஆவது சட்டம், 2018 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளரும் முதலாளியும் ஊதியத்தில் ஆளுக்கு 0.2 விழுக்காடு செலுத்துவர். நிர்வாகம் பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பொறுப்பு. அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிடும்போது இதன் சிறப்பு ஒன்று உடனே புலனாகிறது. வேலை ஏன் போயிற்று என்று இச்சட்டம் துருவிக் கேட்பதில்லை. தொழிற்சாலை தாய்லாந்துக்குச் சென்றதா, இயந்திரம் ஆளை வெளியேற்றியதா, சந்தை சரிந்ததா என்று மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளரிடம் இல்லை. தன்விருப்பப் பணிவிலகல் திட்டத்தின்கீழ் வெளியேறியோரையும் இது ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்கா அறுபதாண்டுகள் தடுமாறிய இடத்தை நம் சட்டம் ஒரே அடியில் கடந்தது எனலாம்.

கடக்காத இடங்களும் உள. முதலாவது, தொகை. 2018இல் நடைமுறைக்கு வந்தபோது வகுக்கப்பட்ட விகிதம் வருமாறு: முதல் மாதம் ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. அவ்வாண்டு தீபகற்ப மலேசியாவின் குறைந்தபட்ச ஊதியம் 1,000 ரிங்கிட். அவ்வூதியம் பெற்றவருக்கு முதல் மாதம் 800 ரிங்கிட்டும் ஆறாம் மாதம் 300 ரிங்கிட்டும் கிடைக்கும். ஆறு மாதங்களுக்கும் சேர்த்து 2,700 ரிங்கிட். தேவை மிகும்போது தொகை குறைகிறது என்பது இவ்வமைப்பின் தருக்கம். விரைந்து வேலை தேடத் தூண்டுவதே நோக்கம் என்று இதற்கு விளக்கம் கூறுவர். அருகில் வேலை இருக்கும் நகரத்து இளைஞருக்கு இவ்விளக்கம் பொருந்தலாம். ஒரே தொழிற்சாலையை நம்பியிருந்த ஊரில், ஐம்பது வயதுப் பெண்மணிக்கு இது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது, எவர் உள்ளே, எவர் வெளியே என்பது. குறிப்பிட்ட காலத்திற்கெனச் செய்யப்பட்ட ஒப்பந்தம் முடிவடைவது வேலையிழப்பாக இச்சட்டத்தில் கருதப்படுவதில்லை. தானே பதவி விலகுவது, ஓய்வுபெறுவது, ஒழுங்கீனத்தால் நீக்கப்படுவது ஆகியவற்றோடு இதுவும் விலக்கப்பட்டோர் பட்டியலில் சேர்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்னும் எதிர்பார்ப்பில் ஆண்டுக்கணக்கில் ஒரே இருக்கையில் அமர்ந்து உழைத்தவரின் ஒப்பந்தம், தொழிற்சாலை மூடப்படும் ஆண்டில் புதுப்பிக்கப்படாமல் போகிறது. சட்டத்தின் பார்வையில் அவர் எதனையும் இழக்கவில்லை. முதலில் வெளியேற்றப்படுபவரும் அவரே. கணக்கில் வராதவரும் அவரே. நம் தொழிற்கூடங்களில் பெருந்தொகையினராக உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இத்திட்டத்தில் இடம் தரப்படவில்லை. கடல் கடந்து பிழைக்க வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நாம் இதனைப் பேசாது கடப்பது தகாது.

மூன்றாவது, காலம். வேலை இழந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு எட்டு வார முன்னறிவிப்பும், ஆட்குறைப்புக்கு முப்பது நாள் முன்னதாகத் தொழிலாளர் இலாகாவுக்கு அறிவிப்பும் நம் சட்டங்கள் கோருகின்றன. இவை போதுமா? வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் பெட்டாலிங் ஜெயா வன்தட்டுத் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக 2018 ஜூலையிலேயே அறிவித்தது. அவ்வுற்பத்தியைத் தாய்லாந்தில் ஒருங்குபடுத்தியது. ஓராண்டுக்கும் மேற்பட்ட அவகாசம் அங்கே இருந்தது. 1972 முதல் இயங்கிய குட்இயர் டயர் தொழிற்சாலை ஷா ஆலாமில் 2024 ஜூன் 30இல் மூடப்படும் என்னும் செய்தி அவ்வாண்டின் தொடக்க மாதங்களில்தான் வெளிவந்தது. பாதிக்கப்பட்டோர் 550 பேர். அரை நூற்றாண்டு இயங்கிய ஒரு தொழிற்சாலை சில மாதங்களில் முடிவுக்கு வந்தது. அவகாசம் எவ்வளவு என்பது பெரிதும் நிறுவனத்தின் மனத்தைப் பொறுத்தே அமைகிறது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

அண்டை நாடாகிய சிங்கப்பூரின் வழி வேறு. அங்கு ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படியான கட்டாயமன்று. ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாத ஊதியம் என்பது முத்தரப்பு வழிகாட்டுதலாகவும் வழக்கமாகவும் உள்ளது. 2009இல் சீகேட் நிறுவனம் தன் ஆங் மோ கியோ தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தபோது ஏறத்தாழ 2,000 பேர் பாதிக்கப்பட்டனர். வேலையிழப்புக்கு நேரடி உதவித்தொகை அளிப்பது உழைக்கும் ஊக்கத்தைக் குறைக்கும் என்று நெடுங்காலம் கருதிய அந்நாடும் 2025 ஏப்ரலில் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் மாதம் 1,500 வெள்ளி எனத் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து, ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை கிடைக்க அது வழிசெய்தது. கொள்கைப் பிடிப்புமிக்க அரசும் மனம் மாறியது என்பது காலத்தின் தேவையைக் காட்டுகிறது.

சொற்களின் சாய்வு

இனி, இவ்வேற்பாடுகளின் சொற்களைச் சற்று நோக்குவோம். அமெரிக்கத் திட்டத்தின் பெயரைத் தமிழில் விரித்துச் சொன்னால் ‘வணிக மாற்றத்திற்கு இசைந்துகொள்வதற்கான உதவி’ எனலாம். இசைந்துகொள்ள வேண்டியவர் யார்? தொழிலாளர். இடம்பெயர்ந்த மூலதனம் எதற்கும் இசைந்துகொள்ள வேண்டியதில்லை. மலேசியத் திட்டத்தின் முதன்மைத் தொகைக்கு மலாய்மொழியில் ‘எலாவுன் மென்சாரி பெகெர்ஜாஆன்’, அதாவது ‘வேலை தேடும் படி’ என்று பெயர். அவர் இழந்ததற்காக அன்றி, இனித் தேடப்போவதற்காகவே அத்தொகை என்பது அப்பெயரின் குறிப்பு. தமிழில் நாம் வழங்கும் ‘ஆட்குறைப்பு’ என்னும் சொல்லோ செய்தவரைச் சொல்லவில்லை. செயலை மட்டும் சொல்கிறது. மழை பெய்தது என்பதுபோல ஆட்குறைப்பு நிகழ்ந்தது என்கிறோம். ஒரு முடிவை எவரோ எடுத்தனர் என்பது அச்சொல்லில் மறைந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ‘உதவி’ என்னும் சொல்லே ஆய்வுக்குரியது. திருவள்ளுவர் அறத்துப்பாலில் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அடுத்த அதிகாரமாகவும் பிரித்து வைத்துள்ளார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே எனினும் ஒன்றல்ல. ஈகை, இல்லாதவருக்கு இருப்பவர் இரங்கித் தருவது. ஒப்புரவு, ஊரோடு சேர்ந்து வாழ்பவர் அவ்வூருக்குச் செய்யும் கடமை. ஈகையில் தருபவர் உயர்ந்தும் பெறுபவர் தாழ்ந்தும் நிற்க இடமுண்டு. ஒப்புரவில் அதற்கு இடமில்லை.

இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்குங்கால், நாம் ஆராய்ந்த ஏற்பாடுகளின் குறை தெளிவாகிறது. 1962இன் அமெரிக்க வாதம் ஒப்புரவில் தொடங்கியது. வணிகத்தால் ஆதாயம் பெற்றோர், அதனால் இழந்தோருக்குக் கடன்பட்டுள்ளனர் என்பதே அதன் சாரம். நடைமுறையில் அது ஈகையாகச் சுருங்கி, தகுதியை மெய்ப்பித்துப் பெறவேண்டிய கருணையாக மாறியது. மலேசியச் சட்டம் காரணம் கேளாததால் மானத்தைக் காத்தது. ஆனால் வணிக ஆதாயத்திற்கும் இழப்புக்கும் உள்ள உறவை அது பேசவே இல்லை. தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து செலுத்தித் தாமே பெறும் காப்புறுதியாக அது அமைந்தது. வரிவிலக்குப் பெற்று வந்து, ஆதாயம் ஈட்டி, அகலும் நிறுவனம் 0.2 விழுக்காட்டுச் சந்தாவோடும் ஆட்குறைப்புச் சலுகையோடும் தன் கடனைத் தீர்த்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வெளியேறும் நிறுவனங்கள்மீது சுமை ஏற்றினால் வரவிருக்கும் நிறுவனங்கள் தயங்கும். வியட்நாமுக்கோ இந்தோனேசியாவுக்கோ சென்றுவிடும் என்பர். இதனைப் புறந்தள்ள இயலாது. நம் தெருவில் அடுப்பெரிந்தது அந்நிறுவனங்கள் வந்ததால்தான் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டோம். ஆனால் வரிவிலக்கு வழங்கும்போதே வெளியேறும் நெறியையும் ஒப்பந்தத்தில் எழுதுவது அச்சுறுத்தலாகாது. எத்துணை மாதங்களுக்கு முன் அறிவிக்க வேண்டும், மறுபயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதை வரும் நாளிலேயே தெரிவித்துவிட்டால் அது வணிகக் கணக்கின் ஒரு பகுதியாகிவிடும். முதலீட்டாளர் அஞ்சுவது தெரிந்த செலவைக் காட்டிலும் தெரியாத செலவையே ஆகும்.

தோட்டம் கற்பித்த பாடம்

மலேசியத் தமிழருக்கு இவ்வனுபவம் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலும், ரப்பர் அழிந்து செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிய காலத்திலும், வேலையோடு லயத்து வீடும் பள்ளியும் கோயிலும் ஒருசேரக் கைவிட்டுப் போயின. அன்று அம்மக்களுக்கு வேலையிழப்புக் காப்புறுதி ஏதும் இருக்கவில்லை. நகர்ப்புறத் தொழிற்சாலையே அவர்தம் பெண்மக்களுக்கு அடைக்கலம் தந்தது. அத்தொழிற்சாலை அகலும்போது ஒரே குடும்பம் இரண்டு தலைமுறைகளில் இரண்டாம் முறை இடம்பெயர்கிறது.

இதில் நம் துறைக்கும் ஒரு குறை உண்டு. தோட்டப்புற வாழ்வை நம் எழுத்தாளரும் ஆய்வாளரும் பதிவு செய்த அளவுக்குத் தொழிற்கூட வாழ்வைப் பதிவு செய்யவில்லை என்றே நாம் கருதுகிறோம். பால்மரமும் கங்காணியும் நம் நினைவில் உருவம் பெற்றுவிட்டன. நுண்ணோக்கியில் கண்பதித்து, பொழுது மாறிப் பொழுது உழைத்த பெண்ணின் உருவம் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. எழுதப்படாத வாழ்வு எளிதில் புள்ளிவிவரமாகிவிடும். அவ்வாறாகும்போது அவ்வாழ்வுக்கு இழைக்கப்படும் குறையும் எவர் கண்ணிலும் படாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து நாம் சில முடிவுகளை முன்வைக்கிறோம். வேலையிழப்பின் காரணத்தை மெய்ப்பிக்குமாறு தொழிலாளரைக் கேட்பது தவறு; இவ்வகையில் மலேசியச் சட்டத்தின் அடிப்படை சரியானது, காக்கப்பட வேண்டியது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் முடிவடைவதை வேலையிழப்பாகவே கருத வேண்டும். நாற்பத்தைந்து, ஐம்பது வயதைக் கடந்தோருக்கு உதவிக்காலம் நீள வேண்டும். ஊதியக் காப்புறுதி முறையும் ஆராயப்பட வேண்டும். முதலாளி நொடித்துப்போனாலும் ஆட்குறைப்புச் சலுகை கிடைக்கும்படி பொது நிதி ஒன்று தேவை. விண்ணப்பப் பதிவு தொழிற்சாலையின் கடைசி வேலை நாளுக்கு முன், தொழிற்சாலை வளாகத்திலேயே, தொழிலாளர் அறிந்த மொழியில் நடைபெற வேண்டும். 60 நாள் வரம்பை அறியாமல் எவரும் உரிமை இழக்கக் கூடாது.

இவை பெருஞ்செலவு கோருவன அல்ல. இவை கோருவது பார்வை மாற்றத்தையே. பிறையில் பேருந்துக்குக் காத்து நின்ற அக்காமாரும், அமெரிக்க நூலகத்தில் கணினி பழகிய அப்பெண்மணியும் இரந்து நின்றவர்கள் அல்லர். தம் உழைப்பால் இரு நாடுகளின் வளத்தைப் பெருக்கியவர்கள். அவ்வளத்தில் அவர்களுக்குரிய பங்கைத் திருப்பித் தருவதற்கு உதவி என்று பெயரிடுவது பொருந்தாது. அதற்கு ஏற்ற சொல் நம் மொழியில் நெடுங்காலமாகவே உள்ளது. அச்சொல்லுக்கேற்பச் சட்டம் அமைவதே இனி வேண்டுவது.